துல்சால அம்மாவுக்கும் கொழந்தைக்கும் சேத்து ஒரே டைம்டேபிள்: கேரியர்அட்வான்ஸ் திட்டத்தோட முழு அலசல்

ஏழைக் குடும்பத்துக்கு உதவி பண்றதுன்னு வந்துட்டா எந்த நாட்டுலயும் பெரும்பாலும் ரெண்டு தனித்தனி ஆபீஸ்தான். கொழந்தைக்கு ஒண்ணு, பெத்தவங்களுக்கு ஒண்ணு. கொழந்தைய பாத்துக்கற இடத்துல அம்மாங்கிறவங்க காலைல கொண்டுவந்து விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போற ஆள், அவ்ளோதான். வேலைப் பயிற்சி குடுக்கற இடத்துல கொழந்தைன்னா அந்தப் பொண்ணு கிளாசுக்கு லீவு போடறதுக்கு ஒரு காரணம், அதுக்கு மேல அவங்களுக்கு அந்தப் புள்ளையப் பத்தி எதுவும் தெரியாது. ஆனா வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க, ஒரே வறுமைலதான் இருக்காங்க. இந்த ரெண்டு ஆபீசையும் ஒண்ணாக்கிப் பாக்கலாம்னு அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல துல்சாங்கிற ஊர்ல 2009ல ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க, பேரு கேரியர்அட்வான்ஸ். இது நடந்த விதம், எங்க ஜெயிச்சுது, எங்க முட்டிக்கிட்டு நின்னுது எல்லாத்தையும் கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா குடும்ப வறுமையப் பத்தி யோசிக்கற யாருக்கும் இதுல எடுத்துக்க நெறைய இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன்.

முதல்ல ஊரப் பத்தி. துல்சா எண்ணெய்ப் பணத்துல வளந்த ஊரு, எண்ணெய் விலை ஏறுனா ஏறும், இறங்குனா இறங்கும். 1921ல கிரீன்வுட்ங்கிற கறுப்பின மக்களோட பகுதிய வெள்ளைக்கார கும்பல் ஒண்ணு மே 31, ஜூன் 1 ரெண்டே நாள்ல 35 பிளாக் அளவுக்கு கொளுத்திப் போட்டுச்சு, கடை, வீடு, ஆஸ்பத்திரி எதுவும் மிச்சமில்ல. வட துல்சாவுல வறுமை இவ்ளோ தலைமுறையா ஏன் ஊறிக் கெடக்குன்னு கேக்கறவங்க அந்த வருஷத்த தாண்டிட்டு பேச முடியாது.

அதே ஊருல இன்னொரு பக்கமும் இருக்கு. நாலு வயசு கொழந்தைங்க எல்லாருக்கும் இலவச முன்பள்ளின்னு 1998லயே ஓக்லஹோமா சட்டம் போட்டுடுச்சு, பணக்கார மாநிலங்கள் பலதும் அப்ப அதச் செய்யல. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து வில்லியம் கோர்ம்லி துல்சா கொழந்தைங்கள வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணதால சின்னப் புள்ளைங்க கல்விக்கு துல்சா ஒரு முன்னுதாரண ஊராவே ஆயிடுச்சு. கூடவே ஜார்ஜ் கைசர்ங்கிற எண்ணெய், பேங்க் தொழிலதிபர் தன்னோட அறக்கட்டளை மூலமா இந்த வயசுப் புள்ளைங்களுக்குன்னே பெரிய பணம் கொட்டுனாரு. இதெல்லாம் சேர்ற இடத்துல கேப் துல்சான்னு ஒரு அமைப்பு இருந்துச்சு, அந்த ஊருல ஹெட் ஸ்டார்ட் மையங்கள நடத்தறவங்க. ஹெட் ஸ்டார்ட்னா 1965ல ஜான்சன் அதிபரா இருந்தப்ப ஆரம்பிச்ச திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழ உள்ள கொழந்தைங்களுக்கு பாடம், சாப்பாடு, டாக்டர் செக்கப் எல்லாம் சேத்துக் குடுக்கறது, நம்ம பால்வாடிய இன்னும் பெருசா, ட்ரெயினிங் எடுத்த டீச்சரோட நெனச்சுக்குங்க.

கேப் துல்சாவுக்கு அப்ப நிர்வாக இயக்குநர் ஸ்டீவன் டவ். கொழந்தைங்க பக்கம் தரமா ஓடிட்டிருந்துச்சு, டீச்சருங்க நல்லவங்க, புள்ளைங்க எழுத்து கத்துக்குது, எண்ணுது. ஆனா சாயங்காலம் அந்தப் புள்ள போற வீட்டுல வாடகை பாக்கி இருக்கும், கரண்ட் கட் பண்ற நோட்டீஸ் வந்திருக்கும், அம்மா ஃபாஸ்ட்ஃபுட் கடைல வாரத்துக்கு எத்தன மணி நேரம் வேலை வரும்னே தெரியாம உக்காந்திருப்பாங்க. மூணு வயசுல ஆரம்பிச்சு அஞ்சு வயசுல முடியற முன்பள்ளி தனியா இதுக்கு ஈடு குடுக்குமா? குடுக்காது, வீட்டு வருமானமும் மாறணும்ங்கிறதுதான் அவங்க வந்து சேந்த முடிவு. சரி, பெத்தவங்களுக்கும் எதாவது பண்ணணும், என்ன பண்ணணும்ங்கிறதுலதான் சிக்கல்.

ஏன் சிக்கல்னா இதே ஐடியாவ ஏற்கனவே பண்ணிப் பாத்து தோத்திருக்காங்க. 1990கள்ல விரிவான குழந்தை வளர்ச்சித் திட்டம்னு ஃபெடரல் அரசு ஒண்ணு நடத்துச்சு. 21 இடம், 4,410 குடும்பம், குலுக்கல் முறைல பாதிப் பேர சேத்து பாதிப் பேர சேக்காம விட்டு அஞ்சு வருஷம் ஒழுங்கா அளந்தாங்க, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 15,000 டாலருக்கு மேல செலவு. முடிவு 1997ல வந்துச்சு: அம்மாக்கள் வருமானத்துலயும் பெருசா ஒண்ணுமில்ல, கொழந்தைங்க படிப்புலயும் ஒண்ணுமில்ல. இவ்ளோ பணம் எங்க போச்சு? பெரும்பாலும் கேஸ் மேனேஜர் சம்பளத்துக்கு. அவங்க வீட்டுக்கு வருவாங்க, பேசுவாங்க, அங்க ட்ரெயினிங் இருக்கு போங்க, இங்க கிளினிக் இருக்கு போங்கன்னு வழி காட்டுவாங்க. அந்த ட்ரெயினிங் நல்லதா, அது முடிச்சா வேலை கெடைக்குமா, அங்க போற நேரத்துல புள்ளைய யாரு பாத்துக்குவாங்கங்கிறதெல்லாம் யாரு கையிலயும் இல்ல. அதே காலத்துல நியூ சான்ஸ்னு 16 இடத்துல, பள்ளிக்கூடத்த பாதில விட்ட இளம் அம்மாக்களுக்காக இன்னொண்ணு நடந்துச்சு, அதுல நெறைய பொண்ணுங்க பள்ளிக்கூட சமான சர்டிபிகேட் வாங்குனாங்க, ஆனா சம்பளம் கூடல.

இந்த ரெண்டு தோல்வியையும் துல்சா குழு நல்லா படிச்சிருந்துச்சு. கூட இருந்தவங்க சாதாரண ஆளுங்க இல்ல, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து லின்ட்சே சேஸ்-லான்ஸ்டேல், தெரசா எக்ரிக் சோமர், கொலம்பியாவோட ஜீன் ப்ரூக்ஸ்-கன், நியூயார்க் பல்கலைக்கழகத்து ஹிரோகாசு யோஷிகாவா, வேலைப் பயிற்சி பக்கம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து கிறிஸ்டோபர் கிங். வழி மட்டும் காட்டி விட்டா போதாது, படிப்பு, வேலை, புள்ள பாத்துக்கறது மூணையும் ஒரே கையில வெச்சுக்கணும்ங்கிறதுதான் அவங்க பிடிச்சுக்கிட்ட விஷயம்.

துறைய தேர்ந்தெடுத்ததும் யோசிச்சுப் பண்ணது. எண்ணெய் விலை விழுந்தா கம்பெனி ஆள எடுக்காது, ஆனா ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் எப்பவும் ஆள் தேடிட்டே இருக்கும், அந்த வேலைய வேற நாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இன்னொண்ணு, அங்க ஏணி இருக்கு. முதல் படி சிஎன்ஏ, அதாவது நோயாளிய குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வெச்சு, பிபி பாத்து, சாப்பாடு ஊட்டி விடற உதவியாளர், சில வார கோர்ஸ்லயே வந்துடலாம். அடுத்தது எல்பிஎன்ங்கிற நர்ஸ், அதுக்கு மேல ஆர்என்ங்கிற முழு நர்ஸ். ஒவ்வொரு படிலயும் நின்னு வேலை பாக்கலாம், பணம் சேந்ததும் அடுத்த படிக்குப் போகலாம், எதுவும் வீணாகாது. காகிதத்துல ரொம்ப அழகான ஏணி.

இப்ப இது நெஜத்துல எப்படி ஓடுச்சுன்னு பாப்போம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். புள்ள ஹெட் ஸ்டார்ட்ல இருக்கற அம்மாவோ அப்பாவோதான் சேர முடியும் (வந்தது பெரும்பாலும் அம்மாக்கள்தான்). ஒரு சின்ன பேட்ச்சா சேப்பாங்க, எல்லாரும் ஒண்ணா ஒரே கிளாசுக்குப் போவாங்க. துல்சா டெக்னாலஜி சென்டர், துல்சா கம்யூனிட்டி காலேஜ் மாதிரி அந்த ஊரு காலேஜுங்ககிட்ட பேசி, புள்ள மையத்துல இருக்கற நேரத்துக்கு ஒத்து வர்ற மாதிரி கிளாஸ வெக்கறது, ஃபீஸ் மொத்தமும் திட்டமே கட்டறது. புள்ளைய எட்டு மணிக்கு விட்டுட்டு அம்மா நேரா கிளாசுக்கு, கிளாஸ் முடிஞ்சு வந்து புள்ளைய கூட்டிட்டு வீட்டுக்கு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா ராத்திரி காலேஜ்ல சேந்துட்டு புள்ளைய யார்கிட்ட விடறதுன்னு தெரியாம ரெண்டாவது மாசமே நின்னுபோன பொண்ணுங்க எத்தன பேருன்னு யோசிச்சா இந்த ஒரு ஏற்பாட்டோட மதிப்பு புரியும். அப்புறம் ஆஸ்பத்திரி வார்டுல நேரடிப் பயிற்சி வரும், அது காலைல மையம் தெறக்கறதுக்கு முன்னாடியே தொடங்கிடும், அந்த நாளுக்கு முன்னாடி பின்னாடி புள்ளைய பாத்துக்கற ஏற்பாட்டையும் திட்டமே சேத்து வெச்சுது. இது இல்லேன்னா, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஆள் இல்லாததாலயே கோர்ஸ் போயிருக்கும்.

கைல கொஞ்சம் பணமும் குடுத்தாங்க. ஆரம்ப வருஷங்கள்ல ஒழுங்கா வந்து, தேர்ச்சியும் ஆனா வருஷத்துக்கு 3,000 டாலர் வரைக்கும் ஊக்கத்தொகை. படிக்கறதுக்காக வேலை நேரத்த கொறச்சுக்கிட்ட பொண்ணுக்கு பெட்ரோலுக்கு அது உதவும், வாடகைல ஒரு பங்குக்கு உதவும். துல்சால கார் இல்லாம புள்ளைய விட்டுட்டு கிளாசுக்குப் போயிட்டு திரும்பறது நடக்கற காரியமில்ல, கார் ஒரு தடவ படுத்தா செமஸ்டரே படுத்துடும்.

வாரா வாரம் பார்ட்னர் மீட்டிங்னு ஒண்ணு. பேட்ச்ல உள்ள எல்லாரும் ஒரு கோச்சோட வட்டமா உக்காந்து பேசுவாங்க. இண்டர்வியூல எப்படிப் பேசணும், பரீட்சைக்கு எப்படிப் படிக்கணும்ங்கிறதும் இருக்கும், வீட்டுல நடக்கறதும் வரும். ஒருத்தி வரலேன்னா மத்தவங்க போன் அடிப்பாங்க, ஒருத்தி காருல நாலு பேரு போவாங்க, புள்ளைங்களையும் மாத்தி மாத்திக் கூட்டிட்டு வருவாங்க. அம்மாக்கள் ஆராய்ச்சியாளர்கள்கிட்ட பேசுனப்ப திரும்பத் திரும்ப வந்தது இந்த மீட்டிங்கும் கோச்சும்தான். பத்து வருஷம் கழிச்சு திரும்பவும் கிளாஸ்ரூம்ல உக்காரும்போது நம்மளால முடியுமான்னு ஒரு பயம் வரும்ல, அந்தப் பயத்துல தான் மட்டும் தனியா இல்லைன்னு தெரியறதே பெரிய தெம்பு. கோச்சுக்கும் பழைய கேஸ் மேனேஜருக்கும் வித்தியாசம் இங்கதான், கோச் வெளில எங்கயோ கை காட்டல, காலேஜ் ஆளுகிட்டயும் புள்ளையோட மையத்துலயும் அவங்களே பேசி முடிக்கலாம், ரெண்டுமே தெரிஞ்ச இடம்.

ஆரம்பத்துலயே ஒரு அடி விழுந்துச்சு. நர்சிங் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இருக்கு, கணக்கும் வாசிப்பும் கேப்பாங்க. ஹெட் ஸ்டார்ட் அம்மாக்கள்ல நெறைய பேரு பள்ளிக்கூடம் முடிச்சு வருஷக்கணக்காச்சு, சிலர் முடிக்கவே இல்ல, பின்னமும் சதவீதமும் மறந்துபோச்சு. ஆர்வம் இருக்கு, கதவத் தாண்ட முடியல. உடனே அடிப்படைப் பாடத்த தனியா சேத்தாங்க, யூனியன் பள்ளி மாவட்டத்தோட சேந்து பள்ளிக்கூட சமான சர்டிபிகேட்டுக்கு ஒரு வகுப்பு, காலேஜுக்கு தயார் பண்ற வகுப்பு. எல்லாராலயும் நர்சா ஆக முடியாது, ஆகணும்னும் இல்லைன்னு புரிஞ்சதும் மெடிக்கல் அசிஸ்டன்ட், ஃபார்மசி டெக்னீஷியன் மாதிரி மத்த வழிகளையும் தெறந்து விட்டாங்க. நடத்திட்டே திருத்திக்கிட்டாங்க, இது நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம், காகிதத்துல போட்ட பிளானையே கட்டிக்கிட்டு அழல.

2009ல முதல் பேட்ச் பெரும்பாலும் கைசர் அறக்கட்டளை மாதிரி தனியார் பணத்துல. 2010ல ஒபாமாவோட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல இருந்து வந்த சுகாதாரத் தொழில் வாய்ப்பு நிதி நாடு முழுக்க 32 அமைப்புகளுக்குக் கெடைச்சுது, அதுல கேப் துல்சாவும் ஒண்ணு. அதுக்கப்புறம்தான் பெரிய அளவுல பண்ணவும் ஆராய்ச்சி பண்ணவும் முடிஞ்சுது.

இப்ப முடிவுக்கு வரேன். சேந்து ஒரு வருஷம் ஆனதும் திட்டத்துல இருந்தவங்கள்ல 61 சதவீதம் பேரு தொழில் சர்டிபிகேட் வாங்கிட்டாங்க, அதே ஹெட் ஸ்டார்ட்ல புள்ள இருந்தும் திட்டத்துல சேராத, மத்தபடி இவங்கள மாதிரியே இருந்த பெத்தவங்கள்ல 3 சதவீதம்தான். ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலைல இருந்தவங்க திட்டத்துல 49 சதவீதம், சேராதவங்கள்ல 31. தன்னால முடியும்ங்கிற நம்பிக்கை, எதிர்காலத்தப் பத்தின தெளிவு ரெண்டும் கூடியிருந்துச்சு. நான் ரொம்ப முக்கியமா நெனக்கறது வேற ஒண்ணு: மன அழுத்தம் கூடல, வீட்டுக் கஷ்டமும் கூடல. படிப்பு, வேலை, சின்னப் புள்ள மூணையும் ஒரே நேரத்துல இழுத்தா அந்தப் பொண்ணு ஒடஞ்சுடுவா, அது புள்ளையத்தான் பாதிக்கும்னு நியாயமான பயம் இருந்துச்சு, அது நடக்கல. இது குலுக்கல் முறை ஆராய்ச்சி இல்ல, விருப்பப்பட்டு வந்தவங்கள மத்தவங்களோட பொருத்திப் பாத்தது, அதனால வந்தவங்க ஏற்கனவே கொஞ்சம் துடிப்பானவங்களா இருந்திருக்கலாம்னு ஒரு கேள்வி எப்பவும் இருக்கும். ஆனா 61க்கும் 3க்கும் நடுவுல இருக்கற இடைவெளிய அந்தத் துடிப்பு மட்டும் நெரப்பிடும்னு எனக்குத் தோணல.

புள்ளைங்க பக்கமும் ஒரு நல்ல விஷயம் வந்துச்சு. அம்மா படிக்கற வீட்டுப் புள்ளைங்க மையத்துக்கு வர்றது கூடுச்சு, அடிக்கடி லீவு போடறது கொறஞ்சுது. யோசிச்சுப் பாத்தா இது இயல்புதான், அம்மாவுக்கு கிளாஸ் இருக்கு, புள்ளைய விட்டாத்தான் அவங்க போக முடியும், புள்ளைய கொண்டுபோய் விடறதுக்கு அவங்களுக்கே ஒரு காரணம் வந்துடுச்சு. மூணு நாலு வயசுல அடிக்கடி வராம போற புள்ள பின்னாடி பெரிய பள்ளிக்கூடத்துலயும் பின்தங்கறது தெரிஞ்ச விஷயம், அதனால இத சின்ன லாபம்னு தள்ள முடியாது. ரெண்டையும் சேத்துச் செஞ்சதாலதான் இது வந்துச்சு, தனித்தனியா செஞ்சிருந்தா வந்திருக்காது.

சரி, பணம்? வீட்டு வருமானத்த மாத்தணும்னுதானே ஆரம்பிச்சாங்க. அங்கதான் மனசு கனக்குது. அந்த முதல் வருஷத்துல மொத்தமா வேலைல இருக்கறவங்க எண்ணிக்கையும் கூடல, சம்பாத்தியமும் கூடல. படிக்கற வருஷத்துல சம்பளம் ஏறாததுல ஆச்சரியம் இல்லதான். ஆனா ஏணிய கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. 2012ல அமெரிக்கா முழுக்க எடுத்த கணக்குல சிஎன்ஏ வேலைக்கு நடுத்தர சம்பளம் வருஷத்துக்கு 24,420 டாலர், எல்பிஎன்னுக்கு 41,540, ஆர்என்னுக்கு 65,470. அந்த வருஷம் நாலு பேரு உள்ள குடும்பத்துக்கு அரசு போட்ட வறுமைக் கோடே 23,000 டாலர் கிட்ட. அதாவது முதல் படில ஏறி நின்ன பொண்ணு, தலைக்கு மேல தண்ணி போயிட்டிருந்தவ, இப்ப மூக்கு மட்டத்துக்கு வந்திருக்கா. முதியோர் இல்லத்துல ராத்திரி ஷிப்டு, நூறு கிலோ ஆள தூக்கிப் பொரட்டி முதுகு வலி, கைல முன்ன வாங்குனதுக்கும் இப்ப வாங்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஃபாஸ்ட்ஃபுட் கடைய விட கௌரவம் கூட, மேல போற வழி தெரியுது, அது உண்மை, ஆனா வாடகை கௌரவத்த வாங்கிக்காது.

நெஜமான மாற்றம் சிஎன்ஏல இருந்து எல்பிஎன்னுக்குப் போற அந்தத் தாவல்ல இருக்கு, அங்கதான் ஆள் கொறஞ்சுகிட்டே போச்சு. ஏன்னா அது வார கணக்குல முடியற கோர்ஸ் இல்ல, ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும், அதுக்கு முன்னாடி அறிவியல் பாடமெல்லாம் முடிச்சிருக்கணும், கிளாசும் வார்டும் சேந்து முழு நாளும் போயிடும், கூடவே முழு நேர வேலையும் பாக்க முடியாது. அதுக்குள்ள புள்ளைக்கு அஞ்சு வயசாகி ஹெட் ஸ்டார்ட விட்டு பெரிய பள்ளிக்கூடம் போயிடும், பள்ளிக்கூட நேரம் வேற, கோடை லீவு வேற, அவ்ளோ அழகா தெச்ச டைம்டேபிள் தையல் விட்டுப் போகும். திட்டம் சொல்றது ஏணி, வாழ்க்கைல அவங்களுக்குக் கெடைச்சது பெரும்பாலும் முதல் படி.

இதுக்கு மேல இன்னொரு அடி. வருமானம் கொஞ்சம் ஏறுனதும் உணவு உதவி கொறயும், புள்ள பாத்துக்கறதுக்கான அரசு மானியம் கொறயும், சில சமயம் ஏறுன சம்பளத்துல பெரும்பகுதி அப்படியே போயிடும். மருத்துவக் காப்பீடு கதை இன்னும் கொடுமை. ஒபாமா சட்டத்த வெச்சு ஏழைப் பெரியவங்களுக்கு அரசு காப்பீட்ட விரிவாக்கலாம்னு மத்திய அரசு பணம் குடுத்தும் ஓக்லஹோமா பல வருஷம் மாட்டேன்னுடுச்சு, கடைசில 2020 ஜூன்ல மக்களே ஓட்டுப் போட்டு கொண்டு வந்து 2021 ஜூலைலதான் அமலுக்கு வந்துச்சு. அது வர்ற வரைக்கும், கேரியர்அட்வான்ஸ் ஓடுன வருஷங்கள்ல அந்த மாநிலத்துல கொறஞ்ச சம்பளத்துக்கு அடுத்தவங்க உடம்ப பாத்துக்கற வேலை பாத்த எத்தனையோ பொண்ணுங்களுக்கு தன்னோட உடம்புக்கு காப்பீடு கெடையாது. ஒரு அம்மா எவ்ளோ ஓடுனாலும் ஸ்டேட் சட்டசபைல எடுக்கற முடிவ அவங்களோட நோட்புக்கால மாத்த முடியாது.

கேப் துல்சாவுக்குக் கெடைச்ச அதே சுகாதாரத் தொழில் வாய்ப்பு நிதில நாடு முழுக்க நடந்த திட்டங்கள குலுக்கல் முறைல ஆறு வருஷம் வரைக்கும் தொடர்ந்து அளந்தாங்க. படிப்பு கூடுச்சு, ஆஸ்பத்திரித் துறைல வேலை கூடுச்சு, சம்பாத்தியத்துல மட்டும் நிலையான ஏத்தம் வரல. துல்சால கண்ணுக்குத் தெரிஞ்ச முதல் படிப் பிரச்சினைதான் அங்கயும்னு நான் வாசிக்கறேன். 2021ல அந்த நிதியே முடிஞ்சுபோச்சு, அமெரிக்க நாடாளுமன்றம் புதுப்பிக்கல.

இத வெச்சு, பெத்தவங்களுக்கும் புள்ளைக்கும் சேத்துச் செய்யற இந்த ரெண்டு தலைமுறை ஐடியாவே வேஸ்ட்னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன், அவங்களோட எனக்கு ஒத்துப்போகல. படிக்க வைக்கறது, புள்ளைய ஒழுங்கா அனுப்ப வைக்கறது, குடும்பத்த ஒடையாம பாத்துக்கறது, இந்த மூணும் ஒரு ஹெட் ஸ்டார்ட் மையத்த சுத்தி செய்ய முடியும்னு துல்சா காட்டிடுச்சு, 1990கள்ல யாராலயும் காட்ட முடியல. சம்பளம் ஏறாதது அம்மாக்கள் படிக்காததால இல்ல, படிச்சு வந்து நின்ன வேலைக்கு சமூகம் குடுக்கற கூலி அவ்ளோதான்ங்கிறதால. பெத்தவங்களுக்கு மட்டும் சின்னக் கோர்ஸ் குடுத்துட்டு சர்டிபிகேட் எண்ணிக்கைய காட்டி கணக்கு முடிக்கற எந்தத் திட்டமும், அது எந்த நாட்டுல நடந்தாலும், இதே இடத்துலதான் வந்து முட்டும்.

என்னக் கேட்டா இப்படி ஒண்ண திரும்ப ஆரம்பிக்கறவங்க பணத்த வேற மாதிரி பிரிக்கணும். நூறு பேர சிஎன்ஏ வரைக்கும் கொண்டுவந்து விடறதுக்குப் பதிலா நாப்பது பேர எல்பிஎன் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. அந்த நாப்பது பேருக்கும் படிக்கற அந்த ஒண்ணரை வருஷத்துக்கு ஊக்கத்தொகைன்னு இல்லாம வீட்டு வாடகையும் சாப்பாடும் ஓடற அளவுக்கு மாசப் பணம் குடுங்க, புள்ள பெரிய பள்ளிக்கூடம் போனதுக்கப்புறமும் பள்ளிக்கு முன்னாடி, பின்னாடி, கோடை லீவுல பாத்துக்க ஆள் வெச்சுக் குடுங்க, அதே கோச் அதுவரைக்கும் கூடவே இருக்கட்டும். தலைக்கு செலவு கூடும், ரிப்போர்ட்ல எண்ணிக்கை கொறயும், நிதி குடுக்கறவங்களுக்கு அது புடிக்காது. ஆனா 24,420க்கும் 41,540க்கும் நடுவுல வருஷத்துக்கு 17,000 டாலர் இருக்கு, அது அந்த வீட்டுக்கு ஒரு வருஷம் மட்டும் வர்ற பணம் இல்ல, அவங்க வேலை பாக்கற ஒவ்வொரு வருஷமும் வரும்.